சீட்டில் எழுதாத வேலை

நிரோஷா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தனியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்த மேசையில், "மாணிக்கம் அங்கிள், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தேநீரைக் குடித்து முடித்து, "எழுதித் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டு அம்பிட்டிய பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கண்டி நகரத்தில் மருந்து மொத்தமாக விற்கும் களஞ்சியம் ஒன்றில் பொதி கட்டுபவனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். நிரோஷா இப்போது அங்கே பொறுப்பாளர். ஓடர்களைப் பார்க்கப் புதிதாக ஒரு கணினி ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குள் நான்கு 'ஏஜென்ட்'கள் இருக்கின்றனவாம். ஏஜென்ட் என்றால் எனக்குத் தெரிந்தது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்தான். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். நான்குமே செயற்கை அறிவு. ஒன்று தலைமை. வரும் ஓடரை வாசித்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, மற்றவற்றுக்குக் கொடுக்கும். ஒன்று இருப்பில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்று எந்த வேன் எந்த வழியில் போகும் என்று தீர்மானிக்கும். கடைசி ஒன்று எல்லாவற்றையும் சரிபார்க்கும். ஒன்றுக்கொன்று எழுதி அனுப்பிக்கொள்வதைத் திரையில் காட்டினாள். எனக்கு ஆங்கிலம் தெரியாததால் தமிழில் வாசித்தும் சொன்னாள்.

"முதல் கிழமையே ஒரு கூத்து அங்கிள். கலகெதரவுக்கு வேன் போச்சு. நாலு ஏஜென்டும் எல்லாம் சரின்னுதான் சொல்லிச்சு. அங்க போய்ப் பார்த்தா கடை பூட்டு. புதன்கிழமை பின்னேரம் அந்தக் கடை திறக்கிறதே இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா அதுகளுக்கு யாரும் சொல்லல."

"தலைமைக்குத் தெரிஞ்சதெல்லாம் மத்த மூணுக்கும் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். அது எழுதி அனுப்புறது மட்டும்தான் தெரியும்."

அப்போதே எனக்குப் பரமலிங்கம் ஐயாவின் நினைவு வந்துவிட்டது. நாங்களும் நான்கு பேர். எங்களுக்கும் எழுதித் தந்தது மட்டும்தான் தெரியும்.

ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். எண்பத்து மூன்றின் பெரிய கலவரம் முடிந்து கொஞ்ச காலத்தில், பதினெட்டு வயதில், வேலை தேடிக் கண்டிக்கு வந்தேன். களஞ்சியத்தின் முன்கதவில் அப்போதும் நெருப்புக் கறுப்பு இருந்தது. கலவரத்துக்கு முன்னால் அங்கே வேலை எல்லாம் வாயால் கூப்பிட்டுச் சொல்வதாம். பிறகு தெருவுக்குக் கேட்கும்படி தமிழில் கத்திப் பேச எல்லாருக்கும் பயம். அதனால் பரமலிங்கம் ஐயா சீட்டு முறையைக் கொண்டுவந்தார். மருந்து வந்த அட்டைப் பெட்டிகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் எழுதுவார்.

ஐயா யாழ்ப்பாணத்தவர். குடும்பம் ஊரில், அவர் மட்டும் கண்டியில் அறை எடுத்து இருந்தார். எங்கள் தலைவர் அவர்தான். தொலைபேசியில் ஓடர் எடுப்பார், பிரிப்பார், ஆளுக்கொரு சீட்டுத் தருவார். அதில் நான்கு வரி இருக்கும். என்ன, யாருக்கு, ஏன், முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும். 'ஏன்' என்ற வரியைப் பார்த்தாலே மர்ஜான் நானாவுக்குச் சிரிப்பு வரும். அவர் இருப்புக்குப் பொறுப்பு. இறாக்கையிலிருந்து மருந்தை எடுத்துத் தருவதும், நான் கட்டியதைச் சரிபார்ப்பதும் அவர் வேலை.

"தலவலிக் குளிசைக்கு ஏன் என்னத்துக்கு ஐயா? தல வலிக்கிதெண்டுதான்."

"சரி, அதையே எழுதுறன். உமக்கு என்ன நட்டம்?" என்பார் ஐயா.

சீட்டைத் தந்ததும் போய்விட முடியாது. விளங்கியதை அவருக்குச் சொல்ல வேண்டும். அதில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பித்தால் விடமாட்டார். என் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். எனக்கு அது தண்டனை போல இருந்தது. குனிந்துகொண்டு, "விளங்கிச்சுங்க" என்பேன். "என்ன விளங்கினது தம்பி?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். அதட்ட மாட்டார். அவசரப்படுத்தவும் மாட்டார். தொலைபேசி அடித்தாலும் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாய் திறக்கும்வரை அந்தப் பேனா திறக்காது.

ஒருமுறை இருமலுக்கான பாணி மருந்துப் போத்தல்கள் அனுப்ப வேண்டியிருந்தது. 'ஏன்' என்ற வரிக்குக் கீழே, 'போன முறை பாதி உடைந்தது, கடைசி ஏழு மைல் கல் ரோடு' என்று எழுதியிருந்தார். நான் வைக்கோலை இரட்டையாக வைத்து, போத்தல்களுக்கு நடுவே பழைய கடதாசியும் திணித்துக் கட்டினேன். ஒன்றும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து ஐயா என் பக்கமாக வந்து நின்றார்.

"இரட்டை வைக்கோல் எண்டு நான் எழுதேல்லை."

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தேன். "இல்லீங்க ஐயா... ரோடு மோசம்னு எழுதியிருந்தீங்க. அதனாலதாங்க..."

"ஓம். அதுக்குத்தான் எழுதினனான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

மர்ஜான் நானா சரிபார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். என் சீட்டைப் பார்க்கவே மாட்டார். ஐயாவின் ஓடர்ப் புத்தகத்தைத்தான் விரித்து வைத்துக்கொள்வார். "ஒன்ட சீட்டப் பார்த்து ஒன்னயச் சரிபார்த்தா ரெண்டு பேரும் சேந்து பிழை விடுவோம்டா" என்பார். நிரோஷாவின் நான்காவது ஏஜென்ட் எதைப் பார்த்துச் சரி என்று சொல்கிறது என்று கேட்டேன். மற்ற மூன்றும் எழுதியதைப் பார்த்துத்தான் என்றாள். அதை மர்ஜான் நானா கேட்டிருந்தால் நன்றாக ஏசியிருப்பார்.

எங்களில் நான்காவது ஆள் வேன் ஓட்டும் சோமபால, சிங்களவர். அரைகுறைத் தமிழும் முழுச் சிரிப்புமாக இருப்பார், என்னை 'மல்லி', அதாவது தம்பி என்பார்.

இப்படிப் பல வருடம் ஓடியது. வடக்கில் யுத்தம் கூடக் கூடக் கண்டியிலும் சோதனைச் சாவடிகள் கூடின. ஐயா அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஊசியால் குத்திக்கொண்டு வருவார். அட்டையில் யாழ்ப்பாண முகவரி. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை.

நான் சொல்ல வந்த நாளில், காலை எட்டரை மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி ஐயாவின் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். விசாரணைக்கு வர வேண்டும் என்றார்கள். ஐயா எழுந்தார். ஓடர்ப் புத்தகத்தை மர்ஜான் நானாவிடம் கொடுத்தார்.

"எல்லாருக்கும் சீட்டு எழுதி வச்சிருக்கிறன். அதன்படி செய்யுங்கோ. நான் வந்திடுவன்."

முதலாளி சட்டத்தரணியைத் தேடி ஓடினார். நாங்கள் மூவரும் சீட்டின்படி வேலையைச் செய்தோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மர்ஜான் நானா எடுத்தார், நான் கட்டினேன், அவர் சரிபார்த்தார், சோமபால ஏற்றினார். எல்லாச் சீட்டிலும் அவரவர் அடையாளம் விழுந்தது. வேன் திகன, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரியவுக்குப் புறப்பட்டது.

வேன் வாசலைத் தாண்டும்போது எனக்குள் ஏதோ குறைந்தது போல இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. மர்ஜான் நானாவைக் கேட்கலாமா என்று நினைத்தேன். எல்லாம் சரியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாதவன் எதைக் கேட்பது என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டில் சின்னப் பொட்டலம் இருந்தது. ஹுன்னஸ்கிரிய, இன்சுலின்.

குளிர் மருந்துகளை மற்றவற்றோடு ஏற்றுவதில்லை. வேன் புறப்படும் நிமிடத்தில்தான் பிளாஸ்கில் ஐஸோடு வைத்துக் கொடுப்போம். வேன் இயந்திரம் உறுமத் தொடங்கியதும் ஐயா வாசலுக்கு வந்து, "சீதல!" என்று சிங்களத்தில் கூப்பிடுவார். குளிர் என்று அர்த்தம். சோமபாலவுக்கும் விளங்கட்டும் என்றுதான் சிங்களத்தில். நாள் முழுக்க அவர் குரல் உயர்வது அந்த ஒரு சொல்லுக்குத்தான். உடனே நான் ஓடிப் போய்ப் பிளாஸ்கைக் கொடுப்பேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. வேன் புறப்படும்போது கொடுக்க வேண்டும் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. மர்ஜான் நானாவின் சீட்டில் 'எடுத்து வைக்கவும்' என்று இருந்தது. அவர் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஓடர்ப் புத்தகத்தில் சரி போட்டுவிட்டார். என் சீட்டில், 'ஐயா சொல்லும்போது ஐஸில் வைக்கவும்' என்று இருந்தது. சொல்ல ஐயா இல்லை. நாங்கள் யாரும் பிழை விடவில்லை. மருந்து மட்டும் போகவில்லை.

மர்ஜான் நானா பொட்டலத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ், இது அந்தப் புள்ளட மருந்தெல்லவா."

அந்த மருந்து போகும் தோட்டத்தில் பதினொரு வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்குச் சீனி வியாதி. அதுவும் சீட்டின் 'ஏன்' வரியிலிருந்து எங்களுக்குத் தெரிந்ததுதான். 'சிறுமி, தினம் இரண்டு ஊசி, தவறக் கூடாது' என்று ஐயா மாதா மாதம் எழுதுவார்.

மர்ஜான் நானா தோட்டத்து மருந்தாளருக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "கடைசிப் போத்தல் நேத்தே முடிஞ்சாம். இண்டக்கிக் காலைல ஊசி போடல்லயாம். புள்ள வாந்தி எடுக்கிதாம். பக்கத்து ஆஸ்பத்திரிலயும் கேட்டுப் பார்த்தாராம், இல்லயாம்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஊரடங்கு. எப்போது எடுப்பார்கள் என்று சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஐயாவின் வெற்றுக் கதிரையைப் பார்த்தோம். அவர் இருந்திருந்தால் இந்நேரம் மூன்று சீட்டு எழுதியிருப்பார்.

"நானா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "சோமபால அண்ணன் பதினொரு மணிக்குத் தெல்தெனிய கடையில நிப்பாரு. அங்க போன் பண்ணி நிக்கச் சொல்லுங்க. நான் பஸ்ஸுல கொண்டு போய்க் கொடுக்குறேன். சிங்களத்துல ஒரு கடிதம் எழுதித் தாங்க. முதலாளி வந்தா இன்னது நடந்துச்சுன்னு சொல்லிடுங்க."

மர்ஜான் நானா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பேச்ச எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். பிறகு, "நான் என்ன செய்யோணும், திருப்பிச் செல்றேன் கேளு" என்று விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஐஸ் நேராகப் பட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும். போத்தல்களைப் பருத்தித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிளாஸ்கில் வைத்தேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. திகனவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நீளமான வரிசை. என் முறை வந்தபோது சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு பிளாஸ்கைத் திறக்கச் சொன்னான். கடிதத்தை வாங்கிப் படித்தான். படித்த பிறகும் துணியை அவிழ்த்து ஒரு போத்தலை வெளியே எடுத்தான். வெயிலில் தூக்கிப் பிடித்து, இது யாருக்கு என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அங்கே செலவழித்தேன். பதினொரு வயதுப் பிள்ளை. சீனி வியாதி. காலையில் ஊசி இல்லை. வாந்தி. ஐஸ் கரைந்தால் மருந்து கெட்டுவிடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு நேரம் எந்த மொழியிலும் பேசியதில்லை. அவன் போத்தலைத் துணிக்குள் வைத்து, மூடியைத் தானே போட்டு, இன்னொரு தரம் திருகி இறுக்கினான். வரிசைக்கு வெளியே என்னைத் தள்ளி, "துவன்ன, துவன்ன" என்றான். ஓடு, ஓடு. பஸ் காத்திருக்கவில்லை. அடுத்து வந்த லொறியை அவனே மறித்து ஏற்றிவிட்டான்.

தெல்தெனியவில் சோமபால இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். "மாணிக்கம் மல்லி, மர்ஜான் போன்ல சொன்னது, நீ எல்லாருக்கும் ஓடர் போட்டது எண்டு. நான் லொத்தர் டிக்கட் ஒண்டு வாங்கத்தான் வேணும் இண்டைக்கு!" இரண்டு மணிக்கு ஊரடங்கு என்று அவரிடம் சொன்னேன். மேலே போனால் ஊரடங்குக்கு முன் திரும்ப முடியாது, வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றேன். "பார்க்கட்டும்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். எனக்கும் திரும்பப் பஸ் இல்லை. ஏறிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையை அன்றுதான் முதலில் பார்த்தேன். பெயர் தவமணி. மருந்தகத்து வாங்குப் பலகையில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் அம்மா கரண்டியால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். மருந்தாளர் பிளாஸ்கைத் தொட்டுப் பார்த்து, "குளிரா இருக்கு" என்றார். ஊசி போட்டார். மாலைவரை அங்கேயே இருந்தோம். ஐந்து மணிக்குக் கிட்ட அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"மருந்து கட்டி அனுப்புற மாமா."

"நீங்கதான் துணியில முடிச்சுப் போடுறதா? அவுக்கவே முடியாது" என்றாள். சோமபால வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் காலை ஊரடங்கை எடுத்தார்கள், நாங்கள் இறங்கி வந்தோம். ஐயா அதற்கும் அடுத்த நாள்தான் வந்தார். முகம் மழிக்கப்படாமல், சட்டை கசங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் உட்காரவில்லை.

"சீதல போயிட்டுதோ?"

முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

"நான் அண்டைக்குச் சீதல சொல்லேல்லை. ஜீப்பில ஏறினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு போன் எடுக்க விடுங்கோ எண்டு கேட்டனான். ஆருக்கு, என்னத்துக்கு எண்டு அதுக்கும் அடிதான். அந்தப் பிள்ளை..."

"போயிடுச்சுங்க ஐயா" என்றேன். "பிள்ளை நல்லா இருக்குங்க. எந்திரிச்சு உக்காந்து என் முடிச்சுக்குக் குறை சொல்லிச்சுங்க."

ஐயா கதிரையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

"கண்ணாடி தேஞ்சு போகும் ஐயா" என்றார் மர்ஜான் நானா.

நடந்ததை எல்லாம் சொன்னோம். வேன் போகும்போது ஏதோ குறைகிறது என்று தோன்றியும் வெட்கத்தில் கேட்காமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"நீர் கேக்காதது பிழைதான்" என்றார். "ஆனால் அது உம்மட சீட்டில இல்லை. என்ர தலைக்குள்ள மட்டும் இருந்தது. அப்படி இன்னும் என்னென்ன கிடக்குதோ தெரியாது. இண்டைக்கு ஓடர் எடுக்க வேண்டாம். மூண்டு பேரும் இருங்கோ. நான் சொல்லாமல் செய்யிற வேலை என்னென்ன எண்டு கேளுங்கோ, எழுதுவம்."

நிரோஷா, உன் தலைமை ஏஜென்டையும் ஒரு நாள் நிறுத்தி வைத்து, நீங்கள் எல்லாரும் இப்படி உட்கார்ந்து பாருங்கள். கலகெதர கடையின் புதன்கிழமை மாதிரி உன் தலைக்குள் நிறைய இருக்கும். அதெல்லாம் உனக்கு வேலை என்றே தோன்றாது. அதனால்தான் அதை யாருக்கும் எழுதித் தந்திருக்க மாட்டாய்.

அன்று காலை அப்படித்தான் கேட்டோம். பெட்டிச் சாவி எங்கே, மின்சாரம் போனால் ஐஸ் யாரிடம் வாங்குவது, எந்த மருந்தாளருக்கு எழுத்து விளங்காது. மர்ஜான் நானா கேட்டார், சோமபால கேட்டார், ஐயா எழுதினார். நான் கடைசியில் இருந்தேன். கேட்க ஒன்று இருந்தது. ஆனால் அது வேலையைப் பற்றியதல்ல. இந்த இரண்டு நாளும் மனதைக் குடைந்துகொண்டிருந்தது.

ஐயா பேனாவை மூடி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். காத்திருந்தார்.

"நீங்க வராம போயிருந்தா, உங்க வீட்டுக்கு யாரு சொல்றதுங்க ஐயா?" என்றேன். "எங்க சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியலீங்க."

ஐயா பேனாவைத் திறந்தார். மனைவியின் பெயரையும், ஊரையும், ஒழுங்கையையும், பக்கத்தில் தொலைபேசி உள்ள கடையின் இலக்கத்தையும் தமிழில் நிறுத்தி எழுதினார், நான் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில். ஊதிக் காயவைத்து என் கையில் தந்தார்.

அதை அடையாள அட்டை உறைக்குள் வைத்தேன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் பஸ் ஏறும்வரை அது அங்கேதான் இருந்தது. ஒரு நாளும் தேவைப்படவில்லை.